கேளுங்கள்: வேர் நுனியில் உட்கார்ந்திருப்பது யார்?

போன இதழில் திசு வளர்ப்பு வாழை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "ஸ்டெம் செல் செடிக்கும் உண்டு, வேர் நுனியில்கூட ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வாழைக்கு வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவைதான் அதிகம். சரி, இந்த முறை முழுக்க வேர்தான். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஸ்டெம் செல் என்றால் எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி ரத்தம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். செடிக்கு எதற்கு அது? வேரில் எந்த இடத்தில், எத்தனை இருக்கும்?
(பள்ளி ஆசிரியை, அருப்புக்கோட்டை)

இரண்டாகப் பிரியும்போது ஒன்றைத் தன்னைப் போலவே வீட்டில் வைத்துக்கொண்டு இன்னொன்றை வேலைக்கு அனுப்பும் செல்லுக்கு ஸ்டெம் செல் என்று பெயர். இந்த இலக்கணம் மஜ்ஜைக்கும் பொருந்தும், வெண்டைக்காய்ச் செடிக்கும் பொருந்தும். சொல்லப்போனால் நம்மைவிடச் செடிக்குத்தான் அது அதிகம் தேவை. குழந்தை பிறக்கும்போதே கை, கால், கண், ஈரல் எல்லாம் வந்துவிடுகிறது, அப்புறம் பெரிதாவதுதான் பாக்கி. விதைக்குள் இருக்கும் கருவிலோ ஒரு வேர் முனை, ஒரு குருத்து முனை, ஒன்றோ இரண்டோ விதையிலை, அவ்வளவுதான் இருக்கிறது. மரமாக நிற்கும் மற்ற எல்லாமே முளைத்த பிறகு கட்டியவை. அதனால் கட்டுமான ஆட்களைச் சாகும்வரை வேலையில் வைத்திருந்தாக வேண்டும்.

இடம் எது என்றால், வேரின் நுனியேதான் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது கொஞ்சம் பிசகு. நுனியில் இருப்பது வேர்மூடி. மண்ணை உரசிக்கொண்டே போவதால் தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தொப்பி. தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொப்பிக்கு உள்ளே, விரல் நுனி தொடும் இடத்தில்தான் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன.

எத்தனை என்பது செடிக்குச் செடி மாறும். உலகத்து ஆய்வுக்கூடங்கள் அதிகம் குடைந்து பார்த்திருப்பது அராபிடாப்சிஸ் என்ற செடியை. கடுகுக் குடும்பத்துச் சின்னக் களை, சமையலுக்கு ஆகாது, அழகுக்கும் ஆகாது. ஆனால் விதை போட்டால் ஆறு வாரத்தில் மறுபடி விதை தரும், வேர் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். செடிகளிலேயே முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டதும் இதற்குத்தான், 2000-ல். இதன் வேரில் நட்ட நடுவில் பெரும்பாலும் நான்கே நான்கு செல்கள் கிட்டத்தட்டச் சும்மா இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரே அடுக்காக ஸ்டெம் செல்கள். கீழ்ப்பக்கம் இருப்பவை வேர்மூடியின் நடுப்பகுதியை உண்டாக்கும், பக்கவாட்டில் இருப்பவற்றில் சில புறத்தோலையும் வேர்மூடியின் ஓரத்தையும், சில அதற்கு உள்ளே இருக்கும் அடுக்குகளான புறணியையும் அகத்தோலையும், மேலே இருப்பவை தண்ணீரும் உணவும் போகும் குழாய்களை. ஒவ்வொரு ஸ்டெம் செல்லிலிருந்தும் செல்கள் வரிசையாகப் போகும், வேர்மூடிக்கானவை கீழ்நோக்கி, மற்றவை மேல்நோக்கி. கோரைப் பாயில் ஒரு கோரையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் அது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா, அந்த மாதிரி ஒவ்வொரு வரிசையையும் அதன் தாய்ச் செல் வரை பின்தொடரலாம். இந்தச் செடியை ஆய்வாளர்கள் கட்டிக்கொண்டு அழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பாடத்தில் 'குவைசென்ட் சென்டர், செல் பிரிதல் குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பிரியாத செல்லுக்கு ஸ்டெம் செல்களின் நடுவில் என்ன வேலை? பரீட்சைக்காகக் கேட்கவில்லை சார்.
(தாவரவியல் இரண்டாமாண்டு மாணவர், திருச்சி)

பரீட்சைக்காகக் கேட்கவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நீளமாகச் சொல்கிறேன் தம்பி. ஓய்வு மையம் என்று தமிழில் வைத்துக்கொள்வோம், மேலே நட்ட நடுவில் சும்மா இருப்பதாகச் சொன்ன செல்கள்தான் அது.

1950-களில் ஆக்ஸ்ஃபோர்டில் எஃப். ஏ. எல். கிளோவ்ஸ் என்ற தாவரவியலாளர் மக்காச்சோள வேரை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேர் நுனியின் மையம்தான் மும்முரமாகப் பிரியும் இடம் என்பது அப்போதைய நம்பிக்கை. டி.என்.ஏ. செய்யத் தேவைப்படும் மூலப்பொருளில் கதிரியக்க அடையாளம் வைத்து வேருக்கு ஊட்டினார். புதிதாக டி.என்.ஏ. செய்கிற செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் வேரை மெல்லியதாகச் சீவிப் புகைப்படப் படலத்தோடு ஒட்டி வைத்தால் அந்த இடங்களில் கரும்புள்ளி விழும். விழுந்தது. ஆனால் எல்லாரும் மும்முரம் என்று நினைத்த நடுப்பகுதியில் மட்டும் புள்ளியே இல்லாமல் அரைக்கோள வடிவில் ஒரு வெற்றிடம். மக்காச்சோளத்தில் அது நூற்றுக்கணக்கான செல்கள் கொண்ட பெரிய கூட்டம். வேர்மூடியை உண்டாக்கும் செல்கள் சுமார் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை பிரியும்போது, இந்தக் கூட்டத்தில் ஒரு செல் ஒரு தடவை பிரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது என்று பின்னால் கணக்குப் போட்டார்.

சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேருக்கு எக்ஸ்-கதிர் கொடுத்துப் பார்த்தார் கிளோவ்ஸ். வேகமாகப் பிரிந்துகொண்டிருந்த செல்கள் அடிபட்டு நின்றுபோயின, ஓய்வில் இருந்தவை எழுந்து பிரிந்து நுனியைத் திரும்பக் கட்டின. மக்காச்சோளத்தில் வேர்மூடியை மட்டும் தனியாகக் கழற்றி எடுக்க முடியும், அப்படிக் கழற்றினாலும் இதே கதைதான், ஓய்வு மையம் விழித்துக்கொண்டு சில நாட்களில் புதுத் தொப்பி போட்டுவிடும். என்ன பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைப் பொங்கித் தின்னாமல் பானையில் கட்டி வைப்பார்களே, அந்த வேலை இது. ஒவ்வொரு தடவை பிரியும்போதும் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்க வேண்டும், பிரதி எடுக்கும்போது பிழை வரும், ஆகவே குறைவாகப் பிரிகிறவனிடம் மூலப்பிரதி சுத்தமாக இருக்கும்.

இரண்டாவது வேலை இன்னும் சுவாரஸ்யம், அது தெரியவந்தது 1997-ல். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஸ்கேரெஸ் குழு, அராபிடாப்சிஸ் வேரின் அந்த நான்கு செல்களில் ஒன்றை மட்டும் லேசரால் சுட்டுக் கொன்றது. செத்த செல்லை ஒட்டியிருந்த ஸ்டெம் செல் என்ன ஆயிற்று? பிரிவதை நிறுத்திவிட்டு, உள்ளே மாவுச்சத்து மணிகளை நிரப்பிக்கொண்டு, சாதாரண வேர்மூடிச் செல்லாக முதிர்ந்துவிட்டது. உயிரோடு இருந்த மற்ற மையச் செல்களைத் தொட்டுக்கொண்டிருந்தவை அப்படியே ஸ்டெம் செல்லாக நீடித்தன. அதாவது ஓய்வு மையம் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஓயாமல் "இன்னும் பெரியவனாகிவிடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, அந்தக் குரல் அடுத்த வீட்டுக்குத்தான் கேட்கும், அதற்கடுத்த வீட்டுக்குக் கேட்காது.

குரலுக்கு ஒரு பெயரும் பின்னால் கிடைத்தது. 2007-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் தாமஸ் லாக்ஸ் குழு, வாக்ஸ்-5 என்ற மரபணு ஓய்வு மையத்தில்தான் வேலை செய்கிறது, அது கெட்டுப்போனால் கீழே இருக்கும் ஸ்டெம் செல்கள் முதிர்ந்துவிடுகின்றன என்று காட்டியது. அந்தப் புரதமே அடுத்த செல்லுக்குள் நகர்ந்துபோய் முதிர்ச்சிக்கான மரபணுவை அமுக்கிப் பிடிக்கிறது என்பது 2015-ல் தெரிந்தது. கீழேயிருந்து எதிர்க்குரலும் உண்டு. முதிர்ந்த வேர்மூடிச் செல்கள் ஒரு சின்னப் புரதத் துண்டை வெளியே விட்டு, ஸ்டெம் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் கட்டுப்படுத்துகின்றன. மேலேயிருந்து ஒருவர் இழுக்க, கீழேயிருந்து ஒருவர் இழுக்க, நடுவில் அந்த ஓர் அடுக்கு மட்டும் இளமையாகவே நிற்கிறது.

எந்தச் செல் ஸ்டெம் செல்லாக இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறதா?
(மென்பொருள் பொறியாளர், கோவை)

இல்லை. இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. செடியின் வேரில் பதவி நாற்காலிக்குத்தான், ஆளுக்கு இல்லை. யார் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாலும் அவர்தான் தாசில்தார்.

1995-ல் அதே உட்ரெக்ட் குழு ஓய்வு மையச் செல்களை லேசரால் கொன்றது. செத்த செல்கள் நசுங்கி நுனிப்பக்கம் ஒதுக்கப்பட, மேலே குழாய்த் திசுவாக ஆகவேண்டிய செல்கள் அந்த இடத்துக்கு இறங்கின. இறங்கியவை குழாய்த் திசுவாகவே இருந்திருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சில நாட்களில் அவை ஓய்வு மையமாகவே நடக்க ஆரம்பித்துவிட்டன. புறணிக்கான ஸ்டெம் செல்லைக் கொன்றபோதும் அப்படித்தான், உள் அடுக்கிலிருந்து ஒரு செல் புகுந்து புறணி வேலையைப் பார்த்தது. அதே ஆய்வில் இன்னொரு சோதனை: ஸ்டெம் செல்லை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருக்கும் முதிர்ந்த பிள்ளைகளைக் கொன்றார்கள். ஒன்றைக் கொன்றபோது ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வரிசைகளையும் சேர்த்துக் கொன்று தனிமைப்படுத்தியதும் அந்த ஸ்டெம் செல்லுக்கு எப்படிப் பிரிவது என்றே தெரியவில்லை. பிள்ளைகளிடமிருந்துதான் தாய் பாடம் கேட்கிறாள் என்று அர்த்தம். நம் வீடுகளில் கைப்பேசி விஷயத்தில் நடப்பதுதான்.

சரி, நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? இரண்டு விதமான தகவல்கள் வந்து சேர்கின்றன.

ஒன்று, மேலிருந்து கீழ். ஆக்ஸின் என்ற ஹார்மோன் இளந்தளிர்களில் உண்டாகி வேரின் நடுப்பகுதி வழியாகக் கீழே இறங்குகிறது, வேர் நுனியிலும் கொஞ்சம் உண்டாகிறது. தானாக ஒழுகி இறங்குவது இல்லை. ஒவ்வொரு செல்லின் ஒரு பக்கத்திலும் 'பின்' (ஆங்கிலத்தில் PIN, குண்டூசி) என்ற வகைப் புரதங்கள் வாசல் மாதிரி நின்று, எந்தத் திசையில் வெளியே தள்ள வேண்டுமோ அந்தத் திசையில் தள்ளுகின்றன. (இவை இல்லாத செடி பூ இல்லாத மொட்டைத் தண்டாக, ஊசி போல நிற்கும், அதனால் அந்தப் பெயர்.) நுனிக்கு வந்த ஆக்ஸின் பக்கவாட்டில் திரும்பி வெளி அடுக்குகள் வழியாக மேலே ஏறி மறுபடி உள்ளே வருகிறது, நீரூற்று மாதிரி. இந்தச் சுழற்சியால் ஓய்வு மையமும் அதற்குக் கீழ் அடுக்கும் இருக்கும் இடத்தில் ஆக்ஸின் எப்போதும் உச்சத்தில் இருக்கிறது. 1999-ல் இந்த உச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி நிறம் காட்டி நிரூபித்தார்கள். ஆக்ஸின் ஓட்டத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் உச்சம் இடம் மாறுகிறது, அதன் பின்னாலேயே செல்களின் அடையாளமும் மாறுகிறது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டம் போவது போல.

இந்த ஆக்ஸின் உச்சம் பிளெத்தோரா என்ற மரபணுக் குடும்பத்தைத் தூண்டுகிறது. அந்தப் புரதம் நிறைய இருக்கும் இடத்தில் செல் ஸ்டெம் செல்லாக இருக்கும், நடுத்தரமாக இருந்தால் வேகமாகப் பிரியும், குறைந்தால் பிரிவதை விட்டுவிட்டு நீண்டு முதிரும். நுனியிலிருந்து விலக விலக அது ஏன் குறைகிறது தெரியுமா? அந்தப் புரதம் சீக்கிரம் அழியாது, செல்கள் பிரிந்து பிரிந்து மேலே போகப்போகப் பங்கு போட்டுக் குறைகிறது. விருந்தாளி வர வர மோரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, கடைசிப் பந்திக்கு வெறும் நீர்மோர். இந்தக் குடும்பத்தில் முதல் இரண்டு மரபணுக்களும் கெட்டுப்போன செடியில் வேர் கொஞ்ச நாளில் நின்றுவிடும். அளவுக்கு மீறி இயங்கினால் வேர் வரக்கூடாத இடத்தில், தண்டுப் பக்கத்தில்கூட வேர் வரும்.

இரண்டாவது தகவல் உள்ளிருந்து வெளியே வருவது. ஷார்ட்-ரூட் என்ற புரதம் நடுக்குழாய்ப் பகுதியில் தயாராகி ஒரே ஓர் அடுக்கு வெளியே நகர்கிறது. அங்கே ஸ்கேர்குரோ என்ற புரதம் அதைக் கையும் களவுமாகப் பிடித்து உட்கருவுக்குள் வைத்துக்கொள்கிறது, அதற்கு மேல் போக விடுவதில்லை. அமெரிக்காவில் ஃபிலிப் பென்ஃபி குழு 2001-ல் இந்த நகர்வைக் காட்டியபோது, ஒரு மரபணுவை இயக்கும் புரதம் தான் பிறந்த செல்லை விட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் வேலை பார்ப்பதா என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். மேலிருந்து வரும் ஆக்ஸின்-பிளெத்தோரா தகவலும் இந்த வட்டத் தகவலும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் நாற்காலி. தெருப் பெயரும் குறுக்குத் தெரு எண்ணும் சேர்ந்தால் வீடு கிடைத்துவிடும் அல்லவா.

இந்த நாற்காலி முதன்முதலில் போடப்படுவது விதைக்குள், கரு சில டஜன் செல்களாக இருக்கும்போது. கருவைத் தாங்கிப் பிடிக்கும் காம்பின் மேல்முனைச் செல்லுக்கு, மேலே இருக்கும் கருவிலிருந்து ஆக்ஸினும் இன்னொரு சின்னப் புரதமும் இறங்கி வருகின்றன. அந்தச் செல் சமமில்லாமல் இரண்டாகப் பிரிய, மேலே ஒரு லென்ஸ் வடிவச் சின்னச் செல் உண்டாகிறது. ஓய்வு மையத்தின் பாட்டி அதுதான். காம்புச் செல், கருவோடு சேராத வெளியாள். வெளியாள் வந்து வேரின் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறது.

கத்திரி, மிளகாய் நாற்றைப் பிடுங்கும்போது வேர் நுனி அறுந்துபோகிறது. அறுந்த நுனி திரும்ப வருமா? குழித்தட்டு நாற்றுதான் நல்லது என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
(நாற்றங்கால் நடத்துபவர், ஒட்டன்சத்திரம்)

எவ்வளவு அறுந்தது என்பதைப் பொறுத்தது. நுனியில் மிக மிகச் சின்னத் துண்டு, ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்குக் கீழே வெட்டுவது போல, போனால் வரும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அராபிடாப்சிஸ் வேர் நுனியை ஓய்வு மையத்தோடு சேர்த்து வெட்டினார்கள். மிச்சமிருந்த கட்டை ஓரிரு நாளில் திரும்பவும் வேர்மூடி, ஓய்வு மையம் எல்லாவற்றையும் உண்டாக்கிக்கொண்டது. 2009-ல் வந்த அந்த ஆய்வில் ஆச்சரியம் என்னவென்றால், ஸ்டெம் செல்களைப் பராமரிக்க முடியாத மரபணுக் கோளாறு உள்ள செடிகளிலும் நுனியின் செல் வகைகள் திரும்ப உருவாகத் தொடங்கின. வேலையில் இருந்த சாதாரணச் செல்களே கூடி அமைத்துக்கொண்டன. முன்பு சொன்ன நாற்காலிக் கதைதான்.

ஆனால் நீங்கள் பிடுங்கும்போது போவது அந்த அளவு இல்லை, அரை அங்குலம், ஓர் அங்குலம் போகிறது. செல்கள் முதிர்ந்துவிட்ட இடத்தில் அறுந்தால் அதே நுனி திரும்ப வராது. பதிலுக்குப் பக்கவேர் வரும். பக்கவேர் வெளித்தோலிலிருந்து கிளம்புவது இல்லை, உள்ளே குழாய்களைச் சுற்றி இருக்கும் பெரிசைக்கிள் என்ற அடுக்கில் சில செல்கள் ஆக்ஸின் பட்டு விழித்துப் பிரிந்து, மேலே இருக்கும் அடுக்குகளை விலக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த மேலடுக்குகளுக்கும் ஆக்ஸின்தான் போய் "கொஞ்சம் தளர்ந்து வழி விடு" என்று சொல்கிறது. வெளியே வருவதற்குள் ஒவ்வொரு பக்கவேரும் தனக்கென்று ஓர் ஓய்வு மையத்தை அமைத்துக்கொள்ளும். நட்ட நாற்று சில நாள் தலை தொங்கிக்கிடந்து அப்புறம் நிமிர்வதன் பின்னால் இந்த வேலை நடக்கிறது.

குழித்தட்டில் வேர் அடித்துளை வரை வந்து காற்றுப் பட்டதும் நுனி காய்ந்து நின்றுவிடும், அதனால் பக்கவேர்கள் அதிகமாகும், கட்டியோடு எடுத்து நடும்போது அவை அறுபடாது. நம்பாதவரிடம் வாதம் செய்யாமல் ஒரு பாத்தியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுக் காட்டிவிடுங்கள். ஆணிவேர் ஆழமாகப் போக வேண்டிய மரக்கன்றுகளில் மட்டும் சின்னப் பையில் ரொம்ப நாள் வைத்து வேரைச் சுருள விடாதீர்கள், நான் வாங்கி நட்ட ஒரு வேப்பங்கன்று மூன்றாம் வருடக் காற்றில் சாய்ந்தபோது வேர் ஜிலேபி மாதிரி இருந்தது.

முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் வேர் விடுகிறது. மாங்கொம்பை நட்டால் காய்ந்துபோகிறது. குச்சிக்குள் வேர் எங்கே ஒளிந்திருக்கிறது?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

ஒளிந்திருக்கவில்லை, வெட்டிய பிறகு புதிதாகத்தான் உண்டாகிறது. மேலே மொட்டுகளிலிருந்து இறங்கி வரும் ஆக்ஸின் வெட்டுப்பட்ட அடிமுனைக்கு வந்ததும் மேற்கொண்டு போக வழி இல்லாமல் அங்கேயே சேர்கிறது. குழாய்களை ஒட்டியிருக்கும் சில செல்கள் அதைப் பார்த்துத் தங்கள் பழைய வேலையை விட்டுவிடுகின்றன. அராபிடாப்சிஸ் இலையை வெட்டி வைத்து இதைப் படிப்படியாகப் பார்த்திருக்கிறார்கள். முதலில் வாக்ஸ்-11 என்ற மரபணு விழிக்கிறது, அது வாக்ஸ்-5-ஐ எழுப்புகிறது, ஆமாம், மேலே ஓய்வு மையத்தில் பார்த்த அதே ஆள். நாற்றங்காலில் குச்சியின் அடியைத் தோய்க்கும் வேர் ஊக்கிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் ஐ.பி.ஏ., அதுவும் ஓர் ஆக்ஸின்தான். குச்சியைத் தலைகீழாக நட்டால் வராததற்கும் ஆக்ஸின் ஒரு திசையில் மட்டும் ஓடுவது முக்கியமான காரணம்.

இதில் ஒரு உபகதை. ஆய்வுக்கூடத்தில் இலைத் துண்டு ஹார்மோன் கூழில் பொருமி உருண்டையாகும், அதற்குக் கேலஸ் என்று பெயர். எல்லாவற்றையும் மறந்து கருவைப் போல வெற்றுச் செல்லாகிவிட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2010-ல் கலிஃபோர்னியாவில் எலியட் மேயரோவிட்ஸ் குழு பார்த்தபோது, அராபிடாப்சிஸில் அந்த உருண்டை பக்கவேரின் மொட்டு போலவே இருந்தது, இதழிலிருந்து எடுத்தாலும் அப்படித்தான். இதழை வெட்டி வைத்தால் அது முதலில் பாதி வேராக மாறப் பார்க்கிறது!

மாமரத்துக்கு வருவோம். எல்லாச் செடிக்கும் ஒரே தாராளம் கிடையாது. வயதான, காய்க்கும் பருவத்துக் கொம்புகளில் ஆக்ஸின் வந்து சேர்ந்தாலும் செல்கள் மசிவதில்லை, மாவில் அது கொஞ்சம் அதிகம். அதனால்தான் மாவை ஒட்டுக் கட்டுகிறோம், வேர் வேலையைக் கொட்டையிலிருந்து வந்த இளங்கன்று பார்த்துக்கொள்ளும்.

ஆப்பிள் ஸ்டெம் செல் கிரீம் என்று விளம்பரம் வருகிறது. முகத்துக்கு நல்லதா?
(சேலம்)

செடியின் ஸ்டெம் செல் உங்கள் தோலில் போய் ஒரு தோல் செல்லையும் உண்டாக்காது. குப்பியில் உயிருள்ள செல்லும் இருக்காது, வளர்த்த செல்களைப் பிழிந்த சாறுதான் இருக்கும். ஆப்பிளை வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

நூற்றாண்டுக் கணக்காக நிற்கும் ஆலமரத்தின் வேர் ஸ்டெம் செல்களுக்கும் அத்தனை வயதா? அவை கெட்டுப்போகாதா?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை அடையாறு)

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் புயற்காற்றில் சாய்ந்தது, விழுதுகளால் மரம் இன்றும் நிற்கிறது. ஒவ்வொரு விழுதின் நுனியிலும் தனித்தனி ஸ்டெம் செல் கூடு, அது அந்த விழுது உண்டான நாளிலிருந்துதான். மரம் கிழம், நுனி இளசு.

கெட்டுப்போவது நடக்கும். அராபிடாப்சிஸ் வேருக்கு டி.என்.ஏ.யை உடைக்கும் மருந்து கொடுத்தால், குழாய்களுக்கான ஸ்டெம் செல்கள்தான் மற்றவற்றுக்கு முன்னால் தாமாகவே செத்துப்போகின்றன. கோளாறான பிரதியைத் தலைமுறை தலைமுறையாக அனுப்புவதைவிட அதுவே மேல் என்பது போல. அப்புறம் ஓய்வு மையம் பிரிந்து இடத்தை நிரப்புகிறது. இந்த விழிப்பைத் தூண்டும் ஒரு புரதத்தை பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து ஆய்வாளர்கள் 2013-ல் அடையாளம் காட்டினார்கள். சாதாரண நாட்களில் வேரே அதை உடனுக்குடன் அழித்துக்கொண்டிருக்கும்.

எல்லா வேரும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும் என்றும் இல்லை. மெக்சிகோவின் சொனோரா பாலைவனத்துக் கள்ளி இனங்கள் சிலவற்றில், விதை முளைத்துச் சில நாட்களிலேயே முதல் வேரின் நுனி தன் செல்களை எல்லாம் முதிரவிட்டுத் தானே நின்றுவிடுகிறது. வேர்த்தூவிகள் நுனிவரை வந்துவிடும், பின்னாலேயே பக்கவேர்கள் கிளம்பும். மழை பெய்து காய்வதற்குள் தண்ணீரைப் பிடிக்க வேண்டிய ஊரில் ஆழத்துக்குப் போகும் ஒற்றை வேரைவிட அகலமாகப் பரவும் பத்து வேர்கள் உதவும். அங்கே ஓய்வு மையத்தைப் பராமரிப்பதே வீண்செலவு.

இதையெல்லாம் எங்கள் பள்ளியில் பார்க்க முடியுமா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி)

ஓய்வு மையத்தைப் பார்க்க முடியாது கண்ணு, அதற்கு நல்ல கருவி வேண்டும். ஆனால் அதன் வேலையின் அடையாளத்தைத் தேடிப் பார்க்கலாம். கடுகை ஈரத் தாளில் முளைக்க வை. வேர் ஓர் அங்குலம் வந்ததும் நுனியை மட்டும் வெட்டி ஒரு சொட்டு அயோடின் கரைசலில் சில நிமிடம் வைத்து, கழுவி, கண்ணாடித் தகட்டில் லேசாக அழுத்தி நுண்ணோக்கியில் பார். வேர்மூடியின் நடுவில் கருநீலப் புள்ளிகள் தெரியும், அவை மாவுச்சத்து மணிகள், வேருக்குக் கீழே எது என்று சொல்வது அவைதான். அந்தக் கருப்பு முடிந்து வெளிறத் தொடங்குகிற இடத்தில்தான் ஸ்டெம் செல் அடுக்கு இருக்கிறது, அதற்கு மேலே ஓய்வு மையம். லேசரால் சுட்ட கதையில் மாவுச்சத்து நிரம்பியதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்றேனே, ஆய்வுக்கூடத்திலும் இதே அயோடின் தந்திரம்தான்.

நுண்ணோக்கி கிடைக்காவிட்டால் வாய்க்கால் கரையில் தாழம்புதர் இருக்கிறதா பார். அதன் தண்டிலிருந்து தரையைத் தேடி இறங்கும் தடித்த வேர்களின் நுனியில் வேர்மூடி கண்ணுக்கே தெரியும், அடுக்கடுக்காகத் தொப்பி மேல் தொப்பி போட்ட மாதிரி. ஓரத்தில் முள் இருக்கும், கையை மெதுவாக விடு. அப்புறம், அயோடின் சட்டையில் பட்டால் கறை போகாது. கல்லூரியில் நான் முதல் தடவை செய்தபோது வேரின் தப்பான முனையை வெட்டி வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை என்று ஆய்வக உதவியாளரோடு சண்டை போட்டேன். அவர் வந்து தகட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையில் புது பிளேடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.